மாமா சொன்ன மைலேஜ் வந்துடுச்சு

மாமா, வந்துடுச்சு, வந்துடுச்சு, லிட்டருக்கு இருபத்துநாலு கிலோமீட்டர் வந்தே வந்துடுச்சு!

சரி, முறையா ஆரம்பிக்கிறேன். அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு வணக்கம். இங்கே அம்மா, நான், கார் மூவரும் நலம். அப்பாவும் நலம்தான், உங்க பேச்சை எடுத்தால் மட்டும் பி.பி. ஏறுது.

"மச்சான், கம்பெனியே இருபத்துநாலுன்னு போட்டிருக்கான்"னு நீங்க சொல்லித்தான் இந்தக் காரை வாங்கினோம். அது பதினஞ்சைத் தாண்டலைன்னதும், "உன் தம்பி என்னை ஏமாத்திட்டான்"னு அம்மாகிட்ட கத்திட்டு, அப்பா உங்களோட பேச்சையே நிறுத்திட்டார். நான் விடுவேனா? யூடியூப்ல இருக்கிற மைலேஜ் வீடியோ அத்தனையும் பார்த்துட்டேன். கம்பெனி கணக்குல பொய் இல்ல மாமா, மூடின அறைக்குள்ள உருளை மேல வண்டியை ஓட்டி எடுக்கிறாங்க. அங்கே டிராஃபிக் இல்ல, குண்டு குழி இல்ல, ஏசி இல்ல, முக்கியமா அப்பா இல்ல. அப்போ நம்ம காரையே அந்த அறையா மாத்திட வேண்டியதுதான்னு, நேத்து காலைல டேங்க்கை வழிய வழிய நிரப்பி, டயருக்குக் காத்தடிச்சு, டிக்கியைக் காலி பண்ணி, ஏசியை அணைச்சு, கண்ணாடியை ஏத்தி விட்டுக் கிளம்பிட்டேன். பக்கத்துல சாட்சிக்கு அப்பா, பின்னாடி அம்மா.

"டேய், இது காரா, குக்கரா?"

"அம்மா, நீ இறங்கிட்டா இன்னும் கொஞ்சம் கூடும்மா."

"பெத்தவளை எடைக்கல்லாவாடா பார்க்கிற?"

சைக்கிள்ல ஒருத்தர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்து, "தள்ளி விடணுமா தம்பி?"ன்னார். அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார்.

இன்னிக்குக் காலைல அதே பங்க்ல திரும்ப வழிய நிரப்பி, ஓடின கிலோமீட்டரைப் பிடிச்ச லிட்டரால வகுத்தேன். இருபத்துநாலு! "சரிடா, உன் மாமன் சொன்னது நிஜம்தான் போல"ன்னு அப்பா உடனே ஒத்துக்கிட்டார். அவர் எதையும் இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டதே இல்ல!

அத்தைக்கு என் வணக்கம், குட்டிகளுக்கு முத்தம். இதை நம்ம சொந்தக்காரங்க குரூப் எல்லாத்துலயும் ஷேர் பண்ணுங்க.

இப்படிக்கு,
விடாக்கண்டன் மருமகன்

பின்குறிப்பு: ஷேர் பண்ணிடாதீங்க மாமா! நேத்து சாயங்காலம் அப்பா கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து, எனக்குத் தெரியாம டேங்க்ல ஊத்தியிருக்கார்னு அம்மா இப்போதான் சொன்னாங்க. அதான் இன்னிக்குக் காலைல டேங்க் கம்மி லிட்டர்லயே வழிஞ்சிருக்கு. "டெஸ்ட்டையே கெடுத்துட்டீங்களேப்பா!"ன்னு கத்தினேன். "கெடட்டும்டா. அவன்கூட பேசாம எனக்கு இருப்பே கொள்ளலை. நானா எப்படி இறங்கி வர்றது?"ன்னார். டேங்க் மூடிச் சாவியை என் பையில வச்சுக்கிட்டு நாளைக்கே முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன், அதுல மாத்தமில்ல. நீங்க அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. கேன் விஷயம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, சரியா?