தாழாத சுங்கான்

புகைக்காதவன் சுங்கான் செய்யப் போகக் கூடாது. இந்த உண்மை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைத்திருந்தாலும் அந்த வயதில் நான் அதை வாசித்திருக்க மாட்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் உறுதியாக நம்பியிருந்த காலம் அது.

அப்போது மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். படகு வரைவது, அச்சு எடுப்பது, ரெசின் பூசுவது, பூசிய கையால் சோறு தின்ன முடியாமல் முழிப்பது எல்லாம் என் பொறுப்பு. நான் வரைந்த படகுகளில் ஒன்றுகூட அதுவரை மூழ்கித் தாழ்ந்ததில்லை. (மூன்றுதான் வரைந்திருந்தேன். அதில் ஒன்று இன்னும் தண்ணீரில் இறக்கப்படவில்லை.) இதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறியிருந்தது.

சுகிர்தாவை நான் சந்தித்தது பாதையில். ரோட்டைச் சொல்லவில்லை. வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். அவள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். படிப்பித்த பள்ளிக்கூடம் கிழக்கே, எழுவான்கரையில். ஒருநாள் பின்னேரம் பாதையின் இயந்திரம் நடு வாவியில் நின்றுவிட்டது. அது ஏன் நின்றது என்று நான் பக்கத்தில் நின்ற அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். வேறு யாரோ அதைத் திருத்தி, பாதை கரை சேர்ந்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அதை நான் காதல் என்று எடுத்துக்கொண்டேன். இறங்க வழியில்லாததால் கேட்டேன் என்று அவள் இன்றுவரை சொல்கிறாள். எப்படியோ, அதற்குப் பிறகும் தினமும் என் பக்கத்திலேயே வந்து நின்றாள்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, பெண் கேட்டுப் போகும் கட்டம் வந்தது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற நில அளவையாளர். ஊரில் எல்லோருக்கும் அவர் சர்வேயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும், யாரும் அதைப் பாவித்ததில்லை. வட்டையில் வயல் வரம்புச் சண்டை வந்தால் இரண்டு பகுதியும் அவரிடம்தான் ஓடும். அவர் வந்து வரம்பில் நிற்பார். பையிலிருந்து சுங்கானை எடுப்பார். புகையிலையைத் திணிப்பார், பெருவிரலால் அமத்துவார், பற்ற வைப்பார். முதல் புகை வரும்வரை ஒரு சொல் வராது. புகை வந்ததும் சுங்கானின் காம்பை நீட்டி, “உங்கால உனக்கு, இங்கால அவனுக்கு” என்பார். அதற்குமேல் மறுபேச்சு இல்லை. வீட்டிலும் அதே நடைமுறைதான். மாடு வாங்குவதா, கூரை மாற்றுவதா, மகளை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் புகை வந்த பிறகு.

அம்மா, மாமா, நான் என்று மூன்று பேர் போனோம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்குத் தாய்மாமன் இல்லாமல் போக முடியாது. இது நல்ல வழக்கம், உங்கள் தாய்மாமன் எங்கள் மாமாவாக இல்லாத பட்சத்தில். ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வார் மனுஷன். கேட்காவிட்டால் ஐந்து.

தேத்தண்ணி வந்தது. மாமா என் திறமைகளைப் பற்றிப் பேசினார். சர்வேயர் பேசவில்லை, சுங்கானைத் திணித்துக்கொண்டிருந்தார்.

“புகை விட்டாத்தான் இவர் வாய் திறப்பார் தம்பி. ஆறுதலா இரிங்க” என்றார் சுகிர்தாவின் அம்மா.

கதவு நிலைக்குப் பின்னால் சுகிர்தா நின்றாள். அப்பா சுங்கானை இரண்டு தரம் அமத்தினால் நல்ல செய்தி என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தாள். அவர் இரண்டு தரம் அமத்தினார். பிறகு நெருப்புப் பெட்டியைத் தேடினார். காணவில்லை. சுங்கானைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் போனார். அவர் எழும்பும்போது மரியாதைக்காக நானும் எழும்பியிருந்தேன்.

“என்ன மனே நிக்கிறாய்? இரு, இரு” என்றார் மாமா, கிட்ட இருந்த கதிரையைக் காட்டி.

இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. பழைய கதிரை என்று நினைத்து, சத்தம் வராமல் இருக்க இன்னும் கொஞ்சம் அழுத்தி இருந்தேன். இரண்டாவது சத்தமும் கேட்டது.

சர்வேயர் எரிகிற குச்சியோடு திரும்பி வந்தார். நான் எழும்பினேன். கதிரையில் சுங்கானின் கிண்ணம் ஒரு பக்கம், காம்பு இன்னொரு பக்கம். என் புதுக் காற்சட்டையில் புகையிலை. அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். குச்சி விரல்வரை எரிந்து தானே அணைந்தது.

“ம்” என்றார்.

கனடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த சுங்கானாம் அது. இனி அந்த மகன் மார்கழியில் வரும்போதுதான் இன்னொன்று வரும். அதுவரைக்கும் என்ன செய்வது என்று என் அம்மா மெல்லக் கேட்டாள்.

“இது இல்லாம நான் ஒரு முடிவும் சொன்னதில்ல” என்றார் சர்வேயர். 

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அளவு நாடா இல்லாமல் காணி அளக்க முடியாது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். அப்போதுதான் சுகிர்தாவின் அம்மா இன்னொரு செய்தியையும் வெளியிட்டார். கொழும்பில் ஒரு கணக்காளர் சம்பந்தமும் வந்திருக்கிறதாம். அவர்கள் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார்களாம். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாள் பார்க்க வந்துவிடுவார்களாம்.

“இதென்ன பெரிய கதை!” என்றார் மாமா. “எங்கட மருமகன் படகே கட்டுறான். சுங்கான் கட்ட மாட்டானா? அடுத்த வெள்ளிக்கிழம கொண்டுவந்து கையில தருவான்!”

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, உடைந்த துண்டுகளைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, “டிசைன்ல பிழை இரிக்கி” என்றேன்.

சுங்கானில் பெரிதாக ஒன்றும் இல்லை. புகையிலை எரிய ஒரு கிண்ணம், புகை வர ஒரு காம்பு, காம்புக்குள் ஒரு துளை. அந்தத் துளை கிண்ணத்தின் அடியில், சரியாக அடித்தட்டோடு வந்து திறக்க வேண்டும். மேலிருந்து காற்று இறங்கி, நெருப்பைக் கடந்து, அடியால் வாய்க்கு வரும். உடைந்த சுங்கானில் அது அப்படித்தான் இருந்தது. அதைத்தான் நான் பிழை என்று கண்டுபிடித்தேன். படகுக்காரனுக்கு அடியில் துளை என்றாலே மனம் கொதிக்கும். அடியில் துளை வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குத் தொழில் தெரியாது. ஆகவே துளையை மேலே உயர்த்தி, கிண்ணத்தின் விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

அடுத்தது, உருவம். பழையது கீழே வட்டமாக இருந்ததால் கதிரையில் சரிந்து கிடந்தது, அதனால்தான் என் கண்ணில் படவில்லை என்று தீர்மானித்தேன். அடியைத் தட்டையாக்கி, படகின் அடியில் முதுகெலும்புபோல ஓடும் ஏரா ஒன்றையும் நடுவில் வைத்து, வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை உள்ளே புதைத்தேன். இனி எங்கே வைத்தாலும் நிமிர்ந்து நிற்கும். கிண்ணத்துக்குப் பூவரசங்கட்டையைக் குடைந்தேன். பழையது ஏதோ வெளிநாட்டுச் செடியின் வேரில் கடைந்தது, இலேசில் கருகாதாம். பூவரசு அப்படியல்ல. அதனால் உள்ளும் புறமும் ரெசின் பூசினேன். (ரெசின் எரியுமா என்ற கேள்வி எனக்கு எழவில்லை. படகு எரிந்து நான் பார்த்ததில்லை.) மேலே ஃபைபரில் ஒரு வெளிக்கூடு செய்து, அதற்கும் கிண்ணத்துக்கும் நடுவே நுரை அடைத்தேன். படகின் இரண்டு பக்கமும் நுரை அடைப்பது வழக்கம், கவிழ்ந்தாலும் தாழாது. சுங்கானுக்கு அது எதற்கு என்று கேட்டால் அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. கடைசியில் பட்டறையில் மிச்சமிருந்த நீல நிறத்தை அடித்தேன்.

பிறகு சோதனை. நான் புகைப்பதில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே சோதனையைச் செய்தேன். வாளியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டேன். அழகாக மிதந்தது. தலையில் தட்டினேன், சாய்ந்து நிமிர்ந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நல்ல படகு அது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் போனோம். அக்கம்பக்கத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது, வேலிக்கு மேலால் சில தலைகள். சர்வேயர் சுங்கானைக் கையில் வாங்கினார். கை கொஞ்சம் கீழே போனது.

“பாரமா இரிக்கி” என்றார்.

“உறுதி” என்றார் மாமா.

அவர் திணித்தார். இரண்டு தரம் அமத்தினார். நிலைக்குப் பின்னாலிருந்து சுகிர்தா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பற்ற வைத்து இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னும் இழுத்தார், கன்னம் இரண்டும் குழி விழுந்தன. துளை மேலே இருந்ததால் வெறும் காற்றுத்தான் வந்தது, அடியில் திணித்த புகையிலைக்கு நெருப்பு இறங்கவே இல்லை.

“பழக்கம் வேணும்” என்றார் மாமா.

சர்வேயர் விடாக்கண்டன். இன்னொரு குச்சி, இன்னொரு குச்சி. கடைசியில் ஏதோ பற்றியது. ஆனால் அது புகையிலை அல்ல. கரும்புகை ஒன்று கிளம்பி விறாந்தை முழுக்கப் பரவியது. எங்கள் பட்டறையின் வாசம் அப்படியே அந்த வீட்டுக்கு வந்துவிட்டது. சர்வேயர் இருமினார். அம்மா இருமினாள். மாமா வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தினார்.

“என்னகா எரியிது அங்க?” என்று வேலிக்கு மேலால் ஒரு குரல்.

“மாப்புள கொண்டுவந்தது” என்றார் சுகிர்தாவின் அம்மா.

கண்ணால் நீர் வழிய, சர்வேயர் எழும்பினார். வீட்டின் பின்வளவு வாவியில் போய் முடிகிறது. விறுவிறு என்று நடந்து போய், கையை ஓங்கி, சுங்கானை வாவிக்குள் எறிந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். எனக்கு உலகம் இருண்டது. மாத முடிவு, கணக்காளர், கொழும்பு எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. இனி அந்தப் பாதையில் என் பக்கத்தில் யார் நிற்பார் என்று நினைத்தேன்.

சுங்கான் விழுந்தது. உள்ளே போனது. பிறகு மேலே வந்து, இரண்டு தரம் ஆடி, நிமிர்ந்து நின்றது.

பின்னேரக் கடற்காற்று எழுவான்கரைப் பக்கமிருந்து எப்போதும்போல வீசிக்கொண்டிருந்தது. நீலச் சுங்கான் மெதுவாகத் திரும்பி, ஏராவை நேர் பிடித்து, எங்களை நோக்கி வந்தது. வந்து சர்வேயரின் காலடியில் கரை தட்டியது.

அவர் எடுத்து மறுபடி எறிந்தார். இந்த முறை இன்னும் தூரம். கரையோரம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சுங்கான் மூழ்கியது, எழும்பியது, ஆடியது, நிமிர்ந்தது, வந்தது. 

“மறுகாவும் வருது” என்றார் சுகிர்தாவின் அம்மா, அறிவித்தல் வாசிப்பதுபோல.

மூன்றாம் முறை அவர் எறியவில்லை. குனிந்து எடுத்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். ஏராவைத் தடவினார். ஈயக்குண்டு இருந்த இடத்தில் தட்டினார். அரை நூற்றாண்டாகக் காணி அளந்த மனிதர், ஒரு பொருளைப் பார்த்தால் அளக்காமல் விடமாட்டார். பிறகு காம்பை என் பக்கம் நீட்டினார். வரம்பில் நின்று நீட்டுவதுபோலவே நீட்டினார். வாயில் புகை இல்லை.

“இவனுக்குச் சுங்கான் செய்யத் தெரியாது” என்றார்.

“ஓம்” என்றேன்.

“ஆனா இவன் கட்டினது தாழாது.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“கொழும்புக்காரருக்கு வேணாமெண்டு சொல்லு. இவன் இஞ்சதானே வந்து இரிக்கப்போறான். கண்ணுக்கு முன்னால வெச்சிரிப்பம். வெளிய விட்டா இன்னும் என்னென்ன செய்வானோ.”

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. அந்த வழக்கம் என்னைக் காப்பாற்றியது. எனக்கு அழுகை வந்தது. புகையால் என்று சொன்னேன். சுகிர்தா நம்பவில்லை. சர்வேயர் புகை இல்லாமல் சொன்ன ஒரே முடிவு அதுதான் என்று என் மாமியார் இன்றும் சொல்வார். அதைப் பாராட்டாகச் சொல்கிறாரா, முறைப்பாடாகச் சொல்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

மார்கழியில் கனடாவிலிருந்து புதுச் சுங்கான் வந்தது. அது வீட்டில் இருக்கும்போது எந்தக் கதிரையிலும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இருக்க எனக்கு அனுமதி. என்னுடையதை மாமனார் எறியவில்லை. (எறிந்தும் பயனில்லை.) காம்பை வெட்டிவிட்டுத் தூண்டிலில் மிதப்பாகக் கட்டியிருக்கிறார். மீன் கடித்தால் நன்றாகக் காட்டுகிறதாம்.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் சுகிர்தாவுக்கும் சண்டை வராமல் இல்லை. சண்டை வந்தால் நான் சட்டையைப் போட்டுக்கொண்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று உரத்துச் சொல்லிவிட்டு, பாதை ஏறி அம்மா வீட்டுக்குப் போவேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள், பிறகு எப்போது போகிறாய் என்பாள். இராச் சாப்பாட்டுக்கு முன் திரும்பி வந்துவிடுவேன். மாமனார் படலையடியில் சுங்கானோடு நிற்பார். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்ப்பார். ஆறுதலாக ஒரு புகை விடுவார்.

“என்ன,” என்பார், “கடல்காத்து வீசத் தொடங்கிட்டுதோ?”