வேர்க்கடலைத் தோலும் நியூசிலாந்து அந்துப்பூச்சியும்

வேர்க்கடலையைக் கண்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. உள்ளங்கையில் தேய்த்து, 'ஃபூ' என்று ஊதி, தோல் பறக்கச் சாப்பிட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இந்தப் பழக்கத்தால் ஒரு நாட்டுக்கே சொந்தமான ஜீவனை நியூஜெர்சியில் வைத்து ஊதித் தள்ளியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் நானும் சாந்தியும் (மனைவி, அன்றும் இன்றும் அவளேதான்). என் கிரீன் கார்டு, மேலாளர் ஜார்ஜ் மனசு வைத்தால்தான் நகரும். நியூசிலாந்துக்காரர். ஒரு ஞாயிறு வீட்டுக்கு அழைத்தார். வெறுங்கையோடு போவோமா? சாந்தி ஒரு டப்பா கடலை வறுத்தாள்.

"அங்க வந்து ஊதித் தொலைக்காதீங்க," என்றாள் காரில்.

"எனக்குத் தெரியாதா? ஜார்ஜை எப்படி ஹேண்டில் பண்றேன்னு மட்டும் பாரு."

அவர் வீட்டில் கடலை டப்பாவைத் திறந்து வைத்ததும், ஜார்ஜ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து என் முகத்தருகே நீட்டினார். உள்ளே, காய்ந்துபோன ஒரு துளிப் பசையில் ஒட்டிய அந்துப்பூச்சி. அரிசி அளவு, பழுப்பு நிறம்.

"நியூசிலாந்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. என் அம்மா பிடித்தது," என்றார்.

நான் உருகிப்போய்க் குனிந்தேன். கை அதுபாட்டுக்குக் கடலையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாய் அதுபாட்டுக்கு ஊதியது.

செத்தபிறகு அந்தப் பூச்சி பறந்தது அன்றுதான்.

கம்பளம் முழுக்கக் கடலைத் தோல். எல்லாம் அதே அளவு, அதே பழுப்பு. மேலாளரும் நானும் தவழ்ந்து தேடினோம். ஒருவழியாக ஒன்றைப் பொறுக்கி, "இதோ, உங்கள் அம்மாவின் பூச்சி!" என்று கம்பீரமாக நீட்டினேன்.

ஜார்ஜ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது உன் மனைவியின் கடலை."

கிரீன் கார்டு போச்சு என்று நான் எழுந்தபோது, சாந்தி கத்தினாள்: "ஏங்க, ஆடாதீங்க! மூச்சு விடாதீங்க! மீசையில இருக்கு!"

(எண்பதுகளின் மீசை. ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.)

ஜார்ஜ் பல் டாக்டர் மாதிரி என் தாடையைப் பிடித்து, இடுக்கியால் மெல்ல எடுத்தார். இறகு ஒன்றும் உதிரவில்லை. அப்புறம் சோபாவில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நியூசிலாந்திலும் இவன் மீசையிலும் மட்டும்தான் கிடைக்கும் என்று இனி மாற்றிச் சொல்ல வேண்டும்!"

கிரீன் கார்டு வந்தது. இன்றும் வீட்டில் கடலை டப்பா திறந்தால், "டாட், டோன்ட் ப்ரீத்!" என்கிறாள் மகள்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை அவமானத்தில் மீசையை மழித்துவிட்டு, பெரிய தியாகம் செய்தவனாகச் சாந்தி முன் நின்றேன். காபியை ஆற்றியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பூச்சி இருந்தப்பதான் கொஞ்சம் அடர்த்தியா தெரிஞ்சுது."