அறுபத்தொரு ஏஞ்சல்கள்

"பெருமாளே, போறும்! நிறுத்துடாப்பா!" என்றார் ராமானுஜம். பிரிண்டர் நிற்கவில்லை.

மயிலாப்பூர் சங்கீதப் பள்ளியில் மறுநாள் காலை பரீட்சை. நாற்பது குழந்தைகளுக்கு ஹால் டிக்கெட் அச்சிட வேண்டும். இருந்த ஒரே தொடர்த்தாளின் நூறு தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் செயலாளர் காசிக்கு ரயிலேறிவிட்டார். முதல் பெயர் பட்டினப்பாக்கம் ஏஞ்சல். எத்தனை பிரதி என்று திரை கேட்ட இடத்தில், ஒன்று என்பதற்குப் பதிலாக நூறு என்று அடித்துவிட்டார் குமாஸ்தா ராமானுஜம்.

கேசவப் பெருமாளைச் சேவிக்காமல் கம்ப்யூட்டரைத் தொடாதவர் அவர். பாண்டி பஜார் மாலை வகுப்பில் லினக்ஸ் கற்று மூன்று வாரம் ஆகிறது. பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடங்குவது, நிறுத்துவது வரை பாடம் வந்திருந்தது. வரிசையில் நிற்கும் அச்சு வேலையை நீக்குவது அடுத்த பாடம்.

அச்சுச் சேவையை நிறுத்தும் கட்டளையை அடித்தார். பிரிண்டர் அடங்கியது. நெற்றியைத் துடைப்பதற்குள், டர்ர்ர்! மறுபடி ஏஞ்சல்.

வாசலில் ஏஞ்சலின் அப்பா வேதநாயகம் வந்து நின்றார்.

"இன்னா சார், எம் பொண்ணு ஒருத்திதான் பரீட்சை எழுதுறாளா? எல்லாத்துலயும் அவ பேரே கீது!"

"நிறுத்திண்டிருக்கேன். உட்காருங்கோ."

"நிறுத்தினியா? ஓடிக்கினு கீதே!"

மறுபடி நிறுத்தினார். அரை நிமிடத்தில் மறுபடி ஓடியது. கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட்டார். அச்சுச் சேவையும் கூடவே எழுந்து, தூங்கி விழித்த தெம்புடன் பதினைந்து ஏஞ்சல்களைத் தள்ளியது.

"பிளக்கைப் புடுங்கு சார்!"

"பிடுங்கினா நிக்கும். செருகினா மறுபடி உங்க பொண்ணுதான் வருவா. மத்த குழந்தைகளுக்கு எப்படி அடிக்கிறது?"

தானாக எழும் சேவைகளின் பட்டியலிலிருந்தே அதை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினார். அமைதி. "அப்பாடா!" என்று சாய்ந்தார். டர்ர்ர்!

ராமானுஜம் பாய்ந்து மறுபடி நிறுத்தினார். வேதநாயகம் ஓடிப்போய் மோர் வாங்கி வந்தார். "மொதல்ல இத்தக் குடி சார். மூஞ்சி வெளுத்துப் போச்சு."

எண்ணிப் பார்த்தார் ராமானுஜம். அறுபத்தொரு ஏஞ்சல்கள். மீதி முப்பத்தொன்பது தாள். மீதி முப்பத்தொன்பது குழந்தைகள். இன்னொரு தாள் போனால் ஒரு குழந்தை வாசலில் நின்று அழும்.

கண்ணை மூடினார். வேதநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிரிண்டர் மூச்சு விடவில்லை.

"உங்க மாதாவும் எங்க பெருமாளும் சேர்ந்துன்னா காப்பாத்தியிருக்கா!" ராமானுஜத்தின் கண் கலங்கியது. அடுத்த பாடத்தைப் படிக்கப் புத்தகத்தைப் புரட்டினார்.

அப்போது தங்கபுஷ்பம் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அங்கே, இதே கம்ப்யூட்டரோடு இணைந்த இன்னொரு திரையில் தட்டச்சு செய்பவள். லினக்ஸ் வகுப்பில் அவருக்குப் பக்கத்து இருக்கை.

"பாவம் சார் நீங்க! அந்த அச்சுச் சேவை நின்னு நின்னு போகுது. நீங்க டென்ஷன்ல இருக்கீங்களேன்னு, மாடி ஸ்கிரீன்லேர்ந்து நானே சத்தமில்லாம மூணு தடவை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். இப்பவும் நின்னிருக்குமே... டீ குடிச்சிட்டுப் போய்ப் பண்ணிடறேன், கவலைப்படாதீங்க!"