நாற்பத்தேழு மணி நேர அப்பா

வெள்ளிக்கிழமை மாலை, நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில், கழுவித் துடைத்த காரின் மேல் சாய்ந்துகொண்டு, பெட்ரோலும் போடாமல், கடைக்குள்ளும் வராமல், நிமிடத்துக்கு ஒருமுறை சாலையையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை நீங்கள் பார்த்தால், வண்டி பழுதாகி நிற்கிறார் என்று நினைத்து உதவிக்கு ஓடாதீர்கள். அவர் ஓர் அப்பா. விவாகரத்து முடிந்தபின் உருவாகும் ஒரு தனி இனம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி மாலை ஆறு முதல் ஞாயிறு மாலை ஐந்து வரை, மொத்தம் நாற்பத்தேழு மணி நேரம் மட்டுமே இந்த இனம் உயிரோடிருக்கும்.

ஹார்கோர்ட் பக்கத்தில் நான் கல்லாவில் நிற்கும் பங்க், காசில்மெயினில் இருக்கும் அம்மாக்களுக்கும் பெண்டிகோவில் இருக்கும் அப்பாக்களுக்கும் நடுவழியில் இருக்கிறது. அதனால் இந்த இனத்தை என்னைவிடப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் குறைவு.

அம்மாவின் கார் வந்து நிற்கும். எஞ்சின் அணையாது. குழந்தையும் பையும் இறங்கும். "இன்ஹேலர் சைடு ஜிப்ல இருக்கு." "சரி, தேங்க்ஸ்." "காலுறை ரெண்டு ஜோடி. ரெண்டும் திரும்பி வரணும்." "கண்டிப்பா." பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் இப்போது வங்கிக் கவுன்டரில் பேசுவதுபோலப் பேசுவார்கள். கார் திரும்பியதும் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டு தன் இனத்தின் முழக்கத்தை எழுப்புவார்: "செல்லம், இந்த வாரம் என்ன பிளான் வச்சிருக்கேன் தெரியுமா?"

தெரியாமலா இருக்கும்? சனிக்கிழமை எட்டு மணிக்கு பான்கேக், ஒன்பதுக்கு நெட்பால் ஆட்டம், பதினொன்றுக்கு டிராம்போலினில் குதித்தல், ஒன்றுக்கு சினிமா, நான்குக்குப் பழைய டிராமில் ஊர் சுற்றல், ஆறுக்கு பீட்சா, இடையில் மூச்சுவிட நேரம் கிடைத்தால் அதில் ஒரு ஐஸ்கிரீம். அவர் வீட்டு ஃப்ரீசரில் நான்கு வகை ஐஸ்கிரீம் இருக்கும். சமையலறையில் ஒரு வெங்காயம் இருக்காது. எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்வார். நீதிபதி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் காட்ட வேண்டாமா? அரைமணிக்கு ஒருமுறை "நல்லா இருந்துச்சா?" என்பார். குழந்தை "சூப்பர்பா" என்று சொல்லும். சொல்லாவிட்டால் இன்னொரு டிக்கெட் வாங்கிவிடுவார் என்பது குழந்தைக்குத் தெரியும். ஞாயிறு மாலை திரும்பும் வழியில் அது வாயைப் பிளந்துகொண்டு தூங்கும். பிரிவுத் துயரம் என்று அப்பா நினைப்பார். இல்லை ஐயா, களைப்பு!

சிரிக்கிறோம். ஆனால் வருடத்துக்கு இருபத்தாறு தடவைதான் சோறு என்று சொன்னால் நீங்களும் நானும் அப்படித்தான் அள்ளிப் போட்டுக்கொள்வோம்.

கிளென் ட்ரெம்பாத் இந்த இனத்தின் உத்தமமான மாதிரி. எலக்ட்ரீஷியன். மகள் இமோஜெனுக்கு ஒன்பது வயது. ஊரே இமோ என்று கூப்பிடும். கிளெனுக்கு ஒரே ஆசை: ஞாயிறு இரவும் மகள் தன் வீட்டில் தூங்க வேண்டும், திங்கள் காலை தானே பள்ளியில் விட வேண்டும். எட்டு மாதம் கெஞ்சியபின் இமோவின் அம்மா ரெனே, கார் கண்ணாடியைப் பாதி இறக்கி, என் கண் முன்னால்தான் சொன்னாள்:

"அடுத்த தடவை ஒரே ஒரு ஞாயிறு தரேன். திங்கக்கிழமை ஒன்பதுக்கு அவ ஸ்கூல்ல இருக்கணும். வயித்துல சாப்பாடு, தலையில தொப்பி. ஒழுங்கா நடந்தா ஒப்பந்தத்துல எழுதிக்கலாம். இல்லன்னா இதோட இந்தப் பேச்ச விட்டுரு."

இதன்பின் நடந்ததை கிளெனே டீசல் போட வந்தபோது சொன்னார்.

அந்த ஞாயிறு மாலை, வாழ்க்கையில் முதல்முறையாக, அவரிடம் பிளான் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. சீருடையைத் துவைத்தார், இஸ்திரி போட்டார், கருக்கினார், நல்லவேளை காலர் மட்டும். தொப்பியைத் தேடினார். இந்த ஊர்ப் பள்ளிகளில், வெயிலுக்குப் பயந்து, தொப்பி இல்லாத தலைக்கு விளையாட்டு கிடையாது. கிடைத்த தொப்பியை மகளுக்கு வைத்துப் பார்க்கும்போதுதான் முடிக்குள் பேனைப் பார்த்தார். பேன் ஓடாமலிருக்கத் தலையில் கண்டிஷனரைக் கொட்டி, டிவி முன்னால் உட்காரவைத்து, சீப்பை எடுத்தார்.

"அப்பா, வலிக்குது."

"ஆடாத. ஓடுது பாரு. புடிச்சிட்டேன்!"

"எத்தனை?"

"பதினாலு."

"எங்க கிளாஸ் மேவிஸுக்கு இருபத்திரண்டு."

"கவலைப்படாத. இன்னும் பின்மண்ட பாக்கி இருக்கு."

மறுநாள் எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நின்றார்கள். வேறு கார் இல்லை. "பாத்தியா, நாமதான் ஃபர்ஸ்ட்!" என்று கிளென் நெஞ்சை நிமிர்த்தினார். ஒன்பதாகியும் யாரும் வரவில்லை. உள்ளே புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார்.

"என்ன மாப்ள, ஆசைல வந்துட்டியா? இன்னைக்கு டீச்சருங்களுக்கு மட்டும்தான் கிளாஸ். பசங்களுக்கு லீவு. ரெண்டு வாரம் முன்னாடியே போன்ல அனுப்பிட்டாங்களே!"

கிளெனின் போனில் டிக்கெட் வாங்க ஏழு செயலிகள் இருக்கின்றன. பள்ளியின் செயலி இல்லை.

நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதக் கெஞ்சல் போச்சு.

"எனக்குத் தெரியும்பா," என்றாள் இமோ.

"என்னது? இன்னைக்கு லீவுன்னா?"

"ம்."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ எங்கயாவது டிக்கெட் போட்டிருப்ப."

அந்த நேரம் பார்த்து ரெனேயின் அழைப்பு; ஸ்பீக்கரில் எடுத்தார். "கிளென், இன்னைக்கு லீவுன்னு தெரியும்ல?" "அது வந்து..." என்று இழுத்தார். "அடப்பாவி. யூனிஃபார்மோட வாசல்ல நிக்கிறீங்களா?" ஒரு சிரிப்பு, உடனே அதை அடக்கிக்கொண்ட சத்தம். "இமோகிட்ட குடு. என்ன கண்ணு, நேத்து என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பேன் பாத்தோம். அப்புறம் போரடிச்சுது, தரையில படுத்துக்கிட்டேன்."

கிளென் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தேழு மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூட மகளைப் போரடிக்க விடாதவர், ஒரே இரவில் எல்லாவற்றையும் கோட்டை விட்டார்.



"போரடிச்சுதா? உங்கப்பா வீட்லயா?" என்றாள் ரெனே. பிறகு, மெதுவாக: "சரி கிளென். ஞாயித்துக்கிழமைய எழுதிக்கலாம். முதல்ல அந்த ஸ்கூல் செயலிய போன்ல ஏத்து."

இதைச் சொல்லிவிட்டு கிளென் என் கல்லாவின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "எனக்கு இன்னும் புரியல, எதுக்கு ஒத்துக்கிட்டா?" என்று கேட்டார்.

வாசகரே, உங்களுக்குப் புரிந்திருக்கும்: விருந்தாளிக்குப் போரடிக்காது, வீட்டுப் பிள்ளைக்குத்தான் போரடிக்கும். நீங்கள் மணமுறிவு காணாதவர், குழந்தை தினமும் அடுத்த அறையில்தான் தூங்குகிறது, இந்த இனத்தோடு உங்களுக்கு எந்த உறவும் இல்லை. நல்லது. வருகிற சனிக்கிழமை அது உங்கள் பக்கத்தில் வந்து படுத்து "போரடிக்குது" என்று சொல்லும்போது, உங்கள் கை கார் சாவியைத் தேடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.