சாதாரணக் குடும்பப் படம்

"இதுல கற்பனை எங்க இருக்கு?" என்று கேட்டார் புகைப்படச் சங்கத்தின் செயலாளர்.

ஸ்டூடியோக்காரருக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. மேஜைமேல் கிடந்த படத்தை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"எல்லாமே கற்பனைதாங்க."

"ஒரு சாப்பாட்டு மேஜை. ஆறு பேர் சுத்தி உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. ஜன்னல் வழியா வெயில் வருது. இதை எங்க வீட்லயே எடுக்கலாமே."

"உங்க வீட்ல எடுக்கலாம். எங்க வீட்ல முடியாதுங்க. இவங்க ஒருத்தர்கூட இன்னொருத்தர் பக்கத்துல உக்காரலை. ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு இடத்துல, ஒவ்வொரு நாள்ல எடுத்து ஒட்டினது."

செயலாளர் தொழிலில் பல் டாக்டர். சொத்தைப் பல் தேடுகிற கண்ணோடு படத்தை மேலும் கீழும் பார்த்தார். தேடியது கிடைக்கவில்லை. படத்தைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கம் தான் எழுதியிருந்ததை விரலால் தட்டிக் காட்டினார். 'சாதாரணக் குடும்பப் படம். கற்பனைப் பிரிவில் சேர்க்க இயலாது.'

இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது? முதல் வருஷம் மனைவிக்கு இறக்கை வைத்து மேகத்தில் பறக்கவிட்டார். தலைமுடி ஓரமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, ஒப்புக்கொண்டார். இரண்டாம் வருஷம் தெருவுக்குள் ஒரு திமிங்கிலத்தை நீந்தவிட்டார். திமிங்கிலத்தின் நிழல் கிழக்கே விழுகிறது, கடைக்காரர் நிழல் மேற்கே விழுகிறது, உங்கள் ஊரில் இரண்டு சூரியனா என்று எழுதியிருந்தார்கள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இரண்டு தப்பிலும் பாடம் படித்து, ராப்பகலாக உழைத்து, ஒட்டு எங்கே என்று கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு படத்தை மூன்றாம் வருஷம் செய்துகொண்டு வந்தால், ஒட்டே தெரியவில்லை என்று தள்ளுகிறார்கள்.

சங்கத்தின் சட்டம் அப்படி. மூன்று வருஷம் தொடர்ந்து தள்ளுபடியானால் கற்பனைப் பிரிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் பூவும் சூரிய அஸ்தமனமும் எடுக்கிறவர்களோடு பொதுப் பிரிவில் குப்பை கொட்ட வேண்டியதுதான். நாள் முழுக்க பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு இந்த ஒரு பிரிவுதான் உயிர்.

"ஒவ்வொரு ஒட்டும் தனித்தனியா லேயர் பிரிச்ச ஃபைல் இருக்குமே, அதைக் கொண்டாங்க. பாத்துட்டுச் சேத்துக்கறோம்" என்றார் செயலாளர், கொஞ்சம் இரங்கி.

ஸ்டூடியோக்காரர் தன் வித்தையை யாரும் திருடிவிடக் கூடாது என்று, படம் முடிந்த அன்றே நாற்பத்தேழு லேயரையும் ஒன்றாக இறுக்கிச் சேர்த்துவிட்டு, தனித்தனியாக எடுத்த படங்களையும் ஒன்று விடாமல் அழித்திருந்தார்.

"அழிச்சிட்டேன்" என்றார்.

"நல்லா அழிச்சீங்க" என்றார் பல் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் குமுறித் தீர்த்தார்.

"உங்க அண்ணன் விரல் அழுந்தி உங்க அக்கா தோள்ல சேலை மடியுதே, அந்த மடிப்பு மட்டும் மூணு வாரம் வரைஞ்சேன். மேஜைமேல இருக்கற கண்ணாடி டம்ளர்ல ஆறு பேரோட முகமும் கடுகு அளவுல தெரியும். யார் கண்ணுக்காவது பட்டுச்சா? சாதாரணக் குடும்பப் படமாம். சாதாரணம்."

"பாக்கறவங்களுக்கு வித்தியாசமா எதுவும் தெரியலைன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? கண்ணை உறுத்தற மாதிரி ஏதாவது ஒண்ணைப் போட்டு வைங்களேன்" என்றாள் மனைவி, துவைத்த துணியை மடித்துக்கொண்டே.

அவருக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் பெயர் போகிறதே. போன வருஷத்துத் திமிங்கிலத்தை எடுத்து, இந்த முறை நிழலை ஒழுங்காக விழவைத்து, ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினார். அது கண்ணை உருட்டிக்கொண்டு உள்ளே சாப்பாட்டு மேஜையைப் பார்த்தது. மறுநாள் கொண்டுபோய் நீட்டினார்.

செயலாளர் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"நல்ல குடும்பப் படம். இப்படிக் கெடுத்து வெச்சிருக்கீங்களே."

"இப்பவாவது கற்பனை இருக்கா இல்லையா?"

"திமிங்கிலம் மட்டும்தான் ஒட்டு. அதைத்தான் போன வருஷமே தள்ளியாச்சே. இதைச் சேத்தா, பழைய படத்தை மறுபடி கொடுத்ததா ஆகும். அதுக்குத் தனியா அபராதம் இருக்கு, தெரியுமில்ல?"

ஸ்டூடியோக்காரர் திமிங்கிலத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஆத்திரத்தில் கண் மண் தெரியவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டதே வீட்டு வாசலில்தான் தெரிந்தது.

"எங்க அண்ணனும் அக்காவும் பேசிப் பன்னெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அவங்க சேந்து உக்காந்ததே இல்லைன்னு அண்ணன்கிட்டயே எழுதி வாங்கிட்டுப் போங்க" என்றாள் மனைவி.

சண்டை ஊரறிந்த சண்டை. அண்ணன்காரர் புது வீட்டுக்குக் குடிபோன அன்று சாயங்காலம், அக்காக்காரி வர அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது. அதற்குள் குடும்பப் படத்தை எடுத்து முடித்திருந்தார்கள். கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு என்ன குடும்பப் படம் என்று, வந்த சூட்டோடு திரும்பிப் போனவள்தான். அதன்பிறகு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அண்ணன்காரரும் அழைக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் மச்சான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் போய்ப் படத்தை, திமிங்கிலம் இல்லாத படத்தை, முன்னால் வைத்தார்.

மச்சான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நான் எப்ப அவ தோள்மேல கையைப் போட்டேன்?"

"போடலை மச்சான். அதைத்தான் எழுதித் தாங்கன்னு கேக்கறேன்."

"அடையாள அட்டைக்குப் படம் எடுக்கணும்னு வந்தீங்களே, நாற்காலி முதுகுல கையை வைங்க, வைங்கன்னு உயிரை எடுத்தீங்களே. அந்தக் கையா இது?"

"அதே கைதான்."

மச்சான் ஒரு தாளை உருவினார். இரண்டு வரி எழுதச் சொன்னால் இரண்டு பக்கம் எழுதினார். தன் தங்கையோடு ஒரே மேஜையில் உட்காருவதைவிட, ஓடுகிற பஸ்ஸின் கூரையில் உட்காருவது மேல் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

செயலாளர் இரண்டு பக்கத்தையும் ஆற அமரப் படித்தார்.

"கோவத்துல எழுதினது. சரி. ஆனா சண்டைக்கு முன்னாடி எடுத்த படமா இருக்கலாமில்ல?"

"அவர் தலையில இருக்கற நரையைப் பாருங்க."

"நரையை நீங்க வரைஞ்சிருக்கலாமே. ஒட்டறவர்தானே நீங்க."

ஒட்டினேன் என்றால் நம்பாதவர்கள், ஒட்டவில்லை என்றால் மட்டும் ஒட்டியிருப்பாய் என்கிறார்கள்.

"ஞாயித்துக்கிழமை படமெல்லாம் மாட்டறோம். காலையில ரெண்டு பேரையும் நேர்ல கூட்டிட்டு வாங்க. கமிட்டி கேக்கட்டும்" என்று கடிதத்தை மடித்துக் கொடுத்தார் செயலாளர்.

அக்காக்காரியை வரவழைக்க அதிகம் பாடுபட வேண்டியிருக்கவில்லை. அண்ணன் எழுதிய கடிதத்தைக் காட்டினார், அவ்வளவுதான். பஸ் கூரை வரைக்கும் படித்தாள்.

"எப்ப வரணும்?" என்றாள்.

அவள் வருகிறாள் என்று கேட்டதும், நான் மட்டும் என்ன பயந்தா கிடக்கிறேன் என்று மச்சானும் கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கூடத்தில் ஏணியும் சுத்தியலுமாக ஒருவர் சுவரெல்லாம் படம் மாட்டிக்கொண்டிருந்தார். நடுவில் மேஜை போட்டு, செயலாளரும் கமிட்டியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன்காரர் கூடத்தின் இந்த மூலையில் நின்றார். அக்காக்காரி அந்த மூலையில் நின்றாள். யாருக்கு வக்காலத்து வாங்குவது என்று தெரியாமல் ஸ்டூடியோக்காரரின் மனைவி நடுவில் நின்றாள்.

"இந்தக் கை உங்களுதா?" என்று ஆரம்பித்தார் செயலாளர்.

"கை என்னுது. அந்தத் தோளுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல" என்றார் அண்ணன்காரர்.

"படத்துல நீங்க சிரிக்கறீங்களேம்மா?" என்றார் அக்காக்காரி பக்கம் திரும்பி.

"சிரிப்பு என்னுதுதான். பாஸ்போர்ட்டுக்குப் படம்னு வந்து, பக்கவாட்டுல பாத்துச் சிரிங்கன்னாரு இவரு. பாஸ்போர்ட்டுக்கு யாராவது சிரிப்பாங்களா? அப்பவே எனக்குச் சந்தேகம்."

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டூடியோக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அப்ப அந்த மேஜையில நிஜமா யார்தான் இருந்தாங்க?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"நான் ஒருத்தன்தாங்க. வலது ஓரத்துல இருக்கேன் பாருங்க. கேமராவுல டைமர் வெச்சுட்டு ஓடிப்போய் உக்காந்தேன். அஞ்சு நாற்காலியும் காலி. மாமனார், மாமியார், இவங்க ரெண்டு பேர், என் சம்சாரம், எல்லாரும் அப்புறம் ஒட்டினது."

"உங்க சம்சாரமுமா? ஒரே வீடுதானே?"

"அன்னைக்கு அவ எங்கூடப் பேசலை."

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே முத்திரையைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து அக்காக்காரி வாயைத் திறந்தாள்.

"கூடப் பிறந்தவளை விட்டுட்டுப் படம் எடுத்துக்கிட்ட மனுஷன், இன்னைக்குத் தோளாம், சம்பந்தமில்லையாம்."

"நானா விட்டேன்? வரட்டும், அஞ்சு நிமிஷம் பொறுங்கன்னு நான்தான் வாசல்லயே நின்னேன். வேணும்னா அம்மாவைக் கேளு" என்றார் அண்ணன்காரர். பன்னிரண்டு வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"அப்புறம் யாரு எடுக்கச் சொன்னது?"

"வெளிச்சம் போகுது, வெளிச்சம் போகுதுன்னு ஒருத்தர் குதிச்சாரே."

கூடத்தில் சுத்தியல் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லாரும் ஸ்டூடியோக்காரரைப் பார்த்தார்கள்.

"போச்சுதானே?" என்றார் அவர், ரோஷத்தோடு. "இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா எல்லார் முகமும் கரி பூசின மாதிரி ஆகியிருக்கும். ஒருத்தர் லேட்டா வந்தா அதுக்குச் சூரியன் என்ன பண்ணும்? நான் என்ன பண்ணுவேன்?"

"பன்னெண்டு வருஷம் அண்ணா" என்றாள் அக்காக்காரி.

"இவர் இத்தனை நாளா வாயே திறக்கலை பாத்தியா?" என்றார் அண்ணன்காரர். அந்த மூலையை விட்டு நகர்ந்து அவளருகே வந்தார். சுவரோரம் கிடந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அவர் கை தானாக அவள் தோளில் போய் விழுந்தது.

ஸ்டூடியோக்காரருக்குப் பகீர் என்றது. பல் டாக்டர் தலையைத் தூக்கி அந்தப் பெஞ்சைப் பார்த்தால் தீர்ந்தது கதை. ஒரே எட்டில் மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் போய் நின்று, படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"முத்திரை" என்றார். "சீக்கிரம் குத்துங்க. வெளிச்சம் போகுது."

"இது உள்கூடம்ங்க" என்றார் செயலாளர். ஆனாலும் குத்திவிட்டார். 'கற்பனைப் பிரிவு. ஏற்கப்பட்டது.'

ஸ்டூடியோக்காரர் வெற்றியோடு திரும்பினார். பெஞ்ச் காலியாக இருந்தது. வாசலில் மச்சானின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் அக்காக்காரி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. பின்கதவைத் திறந்து அவருடைய மனைவி ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க?"

"அம்மா வீட்டுக்கு. எல்லாரும் சேந்து சாப்பிடப் போறோம்" என்றாள்.

"இருங்க, நானும் வரேன்."

"நீங்க வேண்டாம். ரெண்டு பேரும் உங்கமேலதான் கொலைவெறியில இருக்காங்க. கொஞ்ச நாள் போகட்டும்."

கார் போய்விட்டது. அவர் தெருவிலேயே நின்றார். இதென்ன நியாயம்? ஆறு மாசம் கண் நோக உழைத்து இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்தது யார்? நிஜ மேஜைக்குப் போகும்போது அந்த ஆளை விட்டுவிட்டா போவது? இவர்கள் சேர்ந்ததே இவர் எடுத்த படத்தால்தான். பிரிந்ததும் இவர் எடுத்த படத்தால்தான் என்பது வேறு விஷயம். அதை இப்போது யார் கேட்டார்கள்?

உள்ளே வந்தார். அவர் படம் சுவருக்கு ஏறியிருந்தது. கீழே சீட்டும் ஒட்டியாகிவிட்டது, 'கற்பனைப் பிரிவு' என்று. மூன்று வருஷத்துக் கனவு. பக்கத்தில் நின்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள்கூட இல்லை. ஏணிமேல் நின்று சட்டத்தை நேராக்கிக்கொண்டிருந்தவர் மட்டும்தான் இருந்தார்.

"எப்படி இருக்கு படம்?" என்று அவரிடமே கேட்டார்.

மாட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்தின்மேல் மூக்கை வைத்து இடமிருந்து வலம் போனார். வலது ஓரத்தில் போய் நின்றது விரல்.

"மத்த அஞ்சு பேரும் ஒரே குடும்பமா அம்சமா உக்காந்திருக்காங்க சார், இந்த ஓரத்து ஆளைத்தான் வேற எங்கயிருந்தோ வெட்டிட்டு வந்து ஒட்டியிருக்காங்க, பாத்த உடனே தெரியுது."