பலகைச் சாமியும் அடிக்கிற பெட்டியும்

அந்தக் கிழமை முழுக்கச் சாம்பல்தீவில் மீன் வாங்க வந்தவர்களைவிட மீன் பெட்டியைக் கும்பிட வந்தவர்கள்தான் அதிகம். நிலாவெளியிலிருந்து ஓட்டோ, கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் ஆட்களோடு வான். மூடநம்பிக்கைக்கு மதபேதமே கிடையாது! ஜெயரூபியின் மீன்கடை ஃப்ரீசருக்குள் ஒரு சக்தி இறங்கிவிட்டதாம். பாவிகள் தொட்டால் அடிக்குமாம். தொட்ட எல்லோருக்கும் அடித்தது. ஊரில் இத்தனை பாவிகளா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அடித்த சந்தோஷத்தில் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை.

இந்த அற்புதத்தைக் கொண்டுவந்தவர் பலகைச் சாமி. முன்பெல்லாம் ஃப்ரீசரைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கடையே இருண்டுவிடும். மீன் பழுதாகிறதே என்று பதறிய ஜெயரூபி சாமியைக் கூப்பிட்டாள். "செய்வினை" என்றார் சாமி. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு உள்ளே மணி அடித்தார். அதன்பிறகு சுவிட்ச் விழவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து பெட்டி அடிக்கத் தொடங்கியது.

பெட்டியைத் தொட ஒரு முறை இருந்தது. செருப்பைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். அடித்தால் பாவி. தட்சணை வைத்தால் சாமியின் மரப்பலகையில் ஏறித் தொடலாம். அப்போது அடிக்காது, பாவம் தீர்ந்தது! சாமி மட்டும் அந்தப் பலகையை விட்டு இறங்கியதே இல்லை.

அதிகம் அடி வாங்கியவள் பெட்டிக்குச் சொந்தக்காரியான ஜெயரூபிதான். "உன்ர புருசனைக் கடல் கொண்டுபோனதே நீ செய்த பாவத்தாலதான். வெள்ளிக்கிழமை பெட்டியை என்ர மடத்துக்குத் தந்திடு" என்றார் சாமி. அவள் அழுதழுது ஓய்ந்துபோனாள். பெட்டி போனால் வியாபாரம் போகும், வியாபாரம் போனால் அடுப்பு எரியாது. ஆனாலும் கொடுத்துவிடலாம் என்று மனம் தளர்ந்திருந்தாள்.

வியாழன் காலை அவசரத்தில் செருப்போடே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடிக்கவில்லை. கழற்றிவிட்டுத் தொட்டாள். சுள்ளென்று அடித்தது. மறுபடி போட்டாள். அடிக்கவில்லை.

"என்ர பாவம் என்ன, செருப்புப் போட்டா வெளியில நிக்குமோ?"

அழுகை போய்க் கோபம் வந்தது. டவுனில் மின்சாரப் பாடம் படிப்பிக்கும் சிநேகிதி கோணேஸ்வரிக்கு ஃபோன் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பெட்டியை ஏற்ற லொறியே வந்துவிட்டது. கூட்டம் நெரிந்தது. ஜெயரூபி கைகூப்பினாள்.

"சாமி, பெட்டியைத் தாறன். நீங்கள் பாவமே இல்லாத ஆள்தானே? ஒருக்காப் பலகையால இறங்கித் தொடுங்கோ."

"சாமியைச் சோதிக்கிறியோ?"

"சோதனை இல்லை சாமி, தரிசனம்."

சாமி ஈரத் தரையைப் பார்த்தார். ஒரு காலை நீட்டினார். கட்டைவிரல் தண்ணீரில் படுமுன் சட்டென்று இழுத்துக்கொண்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கூட்டத்துக்குள் நின்ற கோணேஸ்வரி போய்ப் பிளக்கைக் கழற்றினாள். ஜெயரூபி வெறுங்காலோடு ஈரத்தில் நின்று இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்தாள். ஒன்றுமே நடக்கவில்லை.

"அப்ப சக்தி எங்க போயிட்டுது?" என்றார் கிண்ணியாவிலிருந்து வந்த ஜவாஹிர் காக்கா.

"கறண்டோட போயிட்டுது காக்கா" என்ற கோணேஸ்வரி, பிளக்கைத் திறந்து காட்டினாள். உள்ளே பச்சை வயர் வெட்டுப்பட்டுக் கிடந்தது. "பெட்டிக்குள்ள எங்கேயோ கறண்ட் கசிஞ்சு இரும்பு உடம்புக்கு வருது. இந்த எர்த் வயர் இருந்தா அது நிலத்துக்குப் போகும், உடனே ட்ரிப் விழுந்து ஆளைக் காப்பாற்றும். வயரை வெட்டினா, தொடுற ஆளின்ர உடம்புக்குள்ளாலதான் போகும். உலர்ந்த பலகையும் செருப்பும் விடாது, அவ்வளவுதான். இண்டைக்குச் சும்மா கடிக்குது. இன்னொரு நாள் இந்த ஈரத்தில ஆளையே கொண்டுபோகும்."

"வெட்டினது ஆர்?" என்றது கூட்டம்.

சாமி திருநீற்றுப் பையை இறுக்கி அணைத்தார். ஜவாஹிர் பறித்துக் கவிழ்த்தார். திருநீற்றோடு வயர் வெட்டும் குறடு ஒன்றும் விழுந்தது. மந்திரம் மறந்துபோய், சாமி முதல்முறையாகப் பலகையை விட்டு இறங்கி ஓடினார்.

கோணேஸ்வரி பச்சை வயரைத் திரும்பப் பூட்டிப் பிளக்கைப் போட்டாள். டப்பென்று ட்ரிப் விழுந்தது.

"ஐயோ, சக்திக்குக் கோபம் வந்திட்டுது!" என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜெயரூபிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, பெட்டியைத் திருத்த ஆள் வந்திட்டுது. நீங்கள் உங்கட மூளையை ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. பயப்பிடாதேங்கோ, அது அடிக்காது!"