காவிரிக்கு எர்த் கொடுத்த கதை

எனக்கு வயரிங் தெரியாது என்று இன்றுவரை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இங்கேயும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி சவரி, அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலோடு காவிரிக்கு ஓடிவிடுவான். போன வருஷம் ஆசைப்பட்டு ஒரு பழைய பைபர் படகு வாங்கினான். நாலு பேர் உட்காரலாம் (என்னைச் சேர்த்தால் மூணு).

படகு வாங்குவது சுலபம், அதைக் கட்டிவைக்க இடம் கிடைப்பதுதான் கஷ்டம். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் தாண்டி, பரிசல் போட்டு மீன் பிடிக்கிற குடும்பங்கள் இருக்கும் கரையில் ஆறு மாசம் நடையாய் நடந்து இடம் கேட்டிருந்தான். அங்கே காமாட்சியக்கா வைத்ததுதான் சட்டம். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மீன் புடிங்க தம்பி, வேணாங்கல. பேட்டரி ஒயர தண்ணிக்குள்ள விட்டு ஷாக் வெச்சு மட்டும் புடிக்கக் கூடாது. அதுல குஞ்சுகூட மிஞ்சாது. ஒரு தடவ பாத்தாலும் படகு இங்க இருக்காது."

சவரி படகுக்கு மூன்று சாமான் வாங்கினான். தண்ணீருக்கடியில் மீன் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்னத் திரை, ஒரு விளக்கு, படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்க ஒரு குட்டிப் பம்பு. எலக்ட்ரீஷியனுக்கு போன் போடப் போனவனை நான் தடுத்தேன்.

"ஏண்டா, வீட்ல ஒரு பிசிக்ஸ் வாத்தியார வெச்சுக்கிட்டு வெளியில ஆள் தேடுற?"

"நீங்க பாடம்தான மச்சான் நடத்துறீங்க."

"பாடம் நடத்துறவனுக்குத் தெரியாதது எலக்ட்ரீஷியனுக்குத் தெரிஞ்சிடுமா?"

"அவன் உங்ககிட்ட படிக்கல மச்சான். அதான் தைரியமா கூப்பிடலாம்னு பாத்தேன்."

இதற்குப் பிறகு எவன் விட்டுக்கொடுப்பான்?

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குப் படகில் உட்கார்ந்தேன். பிளஸ், மைனஸ், பியூஸ், சுவிட்ச் எல்லாம் முறைப்படி கொடுத்தேன். அழுத்திச் சொல்கிறேன், எல்லாமே எரிந்தது (அதாவது விளக்கு எரிந்தது, மற்றதெல்லாம் ஓடியது). சவரிக்கே முகம் மலர்ந்துவிட்டது. டீ வாங்கி வருகிறேன் என்று மேட்டுக்குப் போனான்.

அவன் போன பிறகுதான் எனக்கு உறுத்தியது. எர்த் எங்கே?

கே.கே. நகரில் நான் வீடு கட்டியபோது, பக்கத்தில் நின்று குழி வெட்டச் சொல்லி, செம்புத் தகடு இறக்கி, உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டவன் நான். எர்த் இல்லாத வயரிங்கில் எனக்குத் தூக்கம் வராது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு அது தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். வகுப்பறையில் தெரியும். படகில் தெரியவில்லை. குழி வெட்ட மண் இல்லையே என்று யோசித்துக் குனிந்தால், கீழே ஒரு ஆறே ஓடிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய எர்த் எந்த வீட்டுக்குக் கிடைக்கும்? மைனஸிலிருந்து ஒரு பச்சை வயரை இழுத்து, நுனியில் சாமான் பையில் கிடந்த ஒரு செம்புத் தகட்டைக் கட்டி, தண்ணீரில் இறக்கிவிட்டு, பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு பரிசல் வந்து நின்றது. காமாட்சியக்கா.

"சார், தண்ணிக்குள்ள போற ஒயரு என்னது?"

"எர்த்துங்க."

"அப்புடின்னா?"

"கரண்ட் எதுவும் கசிஞ்சா, நேரா தண்ணிக்குள்ள போயிடும்."

இருபது வருஷ சர்வீஸில் நான் நடத்திய மிக மோசமான பாடம் அதுதான்.

சவரி டீயோடு வந்தபோது கரையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். "படக அவுத்துக்கிட்டுக் கிளம்புங்க தம்பி" என்றார் காமாட்சியக்கா. சவரி தகட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் தகட்டை வெளியே எடுத்துவிட்டு ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதுல ஷாக் இருக்கா? நானே கைய விட்டுக் காட்டுறேன். எல்லாரும் பாருங்க."

தகட்டுக்குப் பக்கத்தில் முழங்கை வரை கையை விட்டேன். "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலல்ல? இதுக்குப் பேர்தான் அறிவிய..." என்று சொல்லும்போதே ஏதோ ஒரு மீன் என் விரலைக் கடித்தது.

துள்ளியதில் படகு சாய்ந்து, நான் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். விழும்போது 'ஐயோ கரண்டு' என்று கத்தியது நானேதான் என்கிறான் சவரி. மறுக்கிறேன்.

கரையே இரண்டடி பின்னால் போனது. ஒருவர் காய்ந்த மூங்கிலால் என்னைத் தகட்டிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார் (அதுதான் சரியான முதலுதவி, பாராட்டுகிறேன்). அப்போது சவரி டீயைக் கீழே வைத்தான். பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கி வந்து, அந்தச் செம்புத் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாருங்கக்கா."

காமாட்சியக்காவும் பரிசலிலிருந்து கையை விட்டு, ரொம்ப நேரம் வைத்துப் பார்த்தார்.

"ஷாக்கு இல்லதான். அப்ப இவரு ஏன் கத்துனாரு?"

"மீன் கடிச்சிருச்சுங்க" என்றேன்.

கரை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "படகு இருக்கட்டும் தம்பி" என்று தீர்ப்பு வந்தது. "ஒங்க மச்சான மட்டும் கரையோட நிறுத்திக்குங்க."

திரும்பி வரும்போது, "ஷாக் இருக்காதுன்னு எப்படிரா கண்டுபிடிச்ச?" என்று சவரியைக் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும் மச்சான்? படகு போனா நானும் போறேன்னு எறங்கிட்டேன்."

பச்சை வயரைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

இந்த வருஷம் காமாட்சியக்கா மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை உறையில் என் பெயர் இல்லை, 'கரண்டு சார், கே.கே. நகர்' என்றுதான் எழுதியிருந்தது. ஸ்டெல்லா அதை ஷோகேஸில் வைத்திருக்கிறாள். கல்யாணத்தன்று வாழ்த்துரைக்கு நடுவில் மைக் செத்துப்போனது. மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள் ஸ்டெல்லா.

உட்காரவில்லை. மேடை வரைக்கும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மரியாதையாக வழிவிட்டார்கள் என்று நான் சொல்கிறேன். உயிருக்குப் பயந்து ஒதுங்கினார்கள் என்கிறது என் குடும்பம்.